ஓர் அங்குலச் சிப்பாய்



பொழுதுபோக்கு என்பது பொழுதைப் போக்குவதற்கு மட்டும்தானா? இன்றைய இந்தக் கேள்விக்கு, அதிகம் கேலி செய்யப்படும் ஒரு பொழுதுபோக்கிலிருந்தே விடை தேடலாம்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, பொம்மைப் படைவீரனுக்கு வண்ணம் தீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "பேரன் விளையாட வேண்டிய வயதில் தாத்தா விளையாடுகிறார்" என்பார்கள். நவராத்திரி கொலுப் படியில் மரப்பாச்சிக்கும் செட்டியார் பொம்மைக்கும் கிடைக்கும் மரியாதை இந்தச் சிப்பாய்க்குக் கிடைப்பதில்லை.

அந்தப் பொம்மையின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஈயம், வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்திருப்பார்கள். முதலில் அடிப்பூச்சு, பிறகு சட்டை, வார், துப்பாக்கி, கடைசியில் முகம். இப்படி நூற்றுக்கணக்கில் சேர்த்து, மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து போர் நடத்துவார்கள். அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற ஹெச்.ஜி.வெல்ஸ் 1913ல் இந்த விளையாட்டுக்கென்றே 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை எழுதினார்.

இவர்களில் பலருக்குப் பிடித்தது 18ஆம் நூற்றாண்டு. காரணம், வண்ண உடுப்பும் நேர் வரிசையும். அன்றைய துப்பாக்கிக் குண்டு நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறும். அதனால்தான் வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

பெரும்பாலோர் வாங்கிச் சேர்ப்பது பிரஷ்யா, ஆஸ்திரியா, இங்கிலாந்து, பிரான்ஸ் படைகளை. அதே நூற்றாண்டில் தமிழ் மண்ணும் போர்க்களமாக இருந்ததை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? 1746ல் அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சுக்காரர்களும் சுமார் 700 சிப்பாய்களும் ஆற்காட்டு நவாபின் பத்தாயிரம் பேர் கொண்ட படையைச் சிதறடித்தனர். 1751ல் கிளைவ் ஆற்காட்டுக்குக் கொண்டுபோன படையில் ஆங்கிலேயர் 200 பேர், சிப்பாய்கள் 300 பேர். 1760ல் வந்தவாசிப் போர். நூல்களில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. வரிசையில் நின்றவனின் பெயர் இல்லை.

சரி, அந்த மதராஸ் சிப்பாய்க்கு ஒருவர் வண்ணம் தீட்ட உட்காருகிறார். சிவப்புச் சட்டை ஆங்கிலேயருடையது. அதற்குக் கீழே தொடைவரை மட்டும் வரும் அரைக்கால் சட்டை, வெறுங்கால், தலையில் தலைப்பாகை. இதுவரை சிக்கல் இல்லை. முகத்துக்கு வரும்போதுதான் தூரிகை நிற்கிறது. நெற்றியில் நாமமா, திருநீறா, வெறும் நெற்றியா? காதில் கடுக்கன் உண்டா? தாடி உண்டா?

அன்பர்களே, இது பொம்மைக்காரரின் சின்னச் சந்தேகம் அல்ல. இதே கேள்விக்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், 1805ன் இறுதியில் புதிய விதிகளைக் கொண்டுவந்தார். சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். மாட்டுத்தோலோ பன்றித்தோலோ என்று இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே கொதித்தனர். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியும் முன்னே வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லஸ்பி அன்றே கிளர்ச்சியை அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். பிறகு அந்த விதிகள் கைவிடப்பட்டன. கிரடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

அதே கில்லஸ்பி 1811ல் ஜாவாப் படையெடுப்பில் ராஃபிள்சுடன் சென்றவர். 1819ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது வங்காளச் சிப்பாய்கள் உடன் வந்தனர். பின்னாளில் மதராஸ் காலாட்படையினரும் இங்கே காவலுக்கு வந்தனர். ஊட்ரம் பார்க் அருகே பொது மருத்துவமனை இருக்கும் வட்டாரத்துக்கு 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயர் அவர்கள் குடியிருப்பால் வந்தது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரத்திலும் தெய்வ உருவங்களுக்கு நடுவே காக்கி உடுப்புச் சிப்பாயை வைத்திருக்கிறார்கள். சிப்பாய்க்கு வண்ணம் தீட்டுவது நமக்குப் புதிதல்ல.

"அந்நியனுக்குக் கூலிக்குச் சுட்டவனுக்கு இத்தனை பெருமையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கம்பெனிப் படையின் புகழ்பெற்ற தளபதியாக இருந்த மருதநாயகம் என்ற யூசுப்கான், பின்னர் அதே கம்பெனியை மதுரையில் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அந்த முற்றுகையில் மதிலுக்கு உள்ளேயும் தமிழர், வெளியேயும் தமிழர். இந்தப் போரை மேசைமேல் வைப்பவர் இரண்டு பக்கத்துக்கும் வண்ணம் தீட்டியாக வேண்டும். அது மாலை போடுவது அல்ல. இரண்டு பக்கமும் நின்றவர் யார், ஏன் நின்றார் என்று தேடுவது. நிஜப் போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பதுதான் வெல்சின் வாதமும். இங்கே விதவைகள் இல்லை, அனாதைகள் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தேக்காவுக்கு அழைத்துப்போகும்போது, புடவைக் கடையோடும் தோசையோடும் திரும்பிவிடாதீர்கள். கேம்பல் லேனில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் ஒரு மணி நேரம் செல்லுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பழைய படைகளின் படம் உள்ள புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். பிறகு ஒரு பொம்மையும் ஒரு தூரிகையும் வாங்கிக் கொடுங்கள். நெற்றியில் என்ன தீட்டுவது என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பதில் தேடும் பொழுது வீண்பொழுது அல்ல.