பேசவியலாத வானொலி



வெள்ளக் காலமொன்றில், எமது பாடசாலையில் தங்கியிருந்த நோயாளியொருவருக்குப் படகு வேண்டியிருந்தது. வாகனத்திலிருந்த இருவழி வானொலியில் பிறர் பேச்சு நன்கு கேட்டது. நாம் பேச விசையை அழுத்தியதும் கருவி அணைந்தது.

காரணம் யாது? கேட்பதற்கு 1 அம்பியர் மின்னோட்டமே மிகுதி. பேசுவதற்கோ 10 அம்பியர் வரை வேண்டும். துருவேறிய இணைப்பில் 0.2 ஓம் தடையிருப்பின், அங்கேயே 2 வோல்ற்று இழக்கப்படும். ஆதலால், பேசும் வேளையிலேயே அளத்தல் வேண்டும். பற்றறியில் 12 வோல்ற்றும் கருவியில் 10 வோல்ற்றும் காட்டின், குறை இடைவழியிலேயே உள்ளது.

சாரதி எதிர்முனைக் கம்பி பூட்டிய இடத்தின் வர்ணத்தையும் துருவையும் சுரண்டி, இறுகப் பூட்டினார். குரல் சென்றது, படகும் வந்தது.

மழைக்கு முன்னரே சோதித்து வைப்போமாக.