முயற்சியும் திருவருளும்: யூதர் நெறி உணர்த்தும் பாடம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ரிங்லெட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பால்குடமும் காவடியும் ஏந்தி வந்து, அன்னையின் திருமுன் கூடியிருக்கும் உங்களிடையே இன்று ஒரு பழைய வினாவை முன்வைக்க விழைகிறேன். எல்லாம் அவன் செயல் என்று கூறுகிறோம். அவ்வாறாயின் நாம் ஏன் பாடுபட வேண்டும்? பாடுபட்டால்தான் பலன் உண்டு என்றால், கோவிலுக்கு ஏன் வர வேண்டும்? இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. இதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்தித்து வந்த ஒரு சிறிய சமுதாயம் உண்டு. அவர்களே யூதர்கள். அரசியலை விடுத்து, அவர்களுடைய ஆன்மிக நெறியை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

யூதர் நம் முன்னோர்க்கு அந்நியர் அல்லர். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு வழங்கினான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு முதலான 72 உரிமைகள் அதனால் அவர்க்கு உரியவாயின. நம் சுவாமி ஊர்வலத்தில் காணும் அதே சிறப்புகள்! கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம், அரண்மனைக் கோவிலுக்கு அருகிலேயே இன்றும் நிற்கிறது. 1662-இல் போர்த்துக்கீசியரால் சிதைக்கப்பட்டபோதும், அம்மக்கள் அதனை மீண்டும் எழுப்பினர். பிரார்த்தனை செய்தனர், கல்லும் சுமந்தனர்.

இவ்விரண்டிற்கும் எபிரேய மொழியில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. இறைவன்பால் கொள்ளும் உறுதியான நம்பிக்கை 'பிட்டாகோன்'. மனிதன் செய்ய வேண்டிய முயற்சி 'ஹிஷ்டத்லூத்'. இவ்விரண்டும் எவ்வாறு இணைந்து நடக்கின்றன என்பதே அவர்களுடைய ஞானியரின் நெடுநாளைய ஆராய்ச்சி.

அவர்களுடைய வேதத்தில் ஒரு வரலாறு உண்டு. எகிப்தின் அடிமைத்தளையினின்று வெளியேறிய மக்கள் பாலைவனத்தில் பசியால் வாடினர். இறைவன் வானிலிருந்து 'மன்னா' என்னும் உணவைப் பொழிந்தான். ஆயினும் அது வாயில் வந்து விழவில்லை. ஒவ்வொருவரும் விடியற்காலையில் எழுந்து, வெயில் ஏறுமுன் குனிந்து பொறுக்க வேண்டும். நாளைக்கு என்று பேராசையால் பதுக்கி வைத்தது புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரு மடங்கு கிடைத்தது; அது கெடவில்லை. ஏழாம் நாள் ஓய்வுநாள். அன்று தேடிச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பினர். கொடுப்பது இறைவன் பொறுப்பு. குனிந்து பொறுக்குவது மனிதன் பொறுப்பு. விடியுமுன் கூடை சுமந்து மலைச்சரிவில் ஏறிய கொழுந்தெடுக்கும் தாய்மார்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத ஞானியர் இருவர் இப்பொருளில் கருத்து வேறுபட்டனர். வேதம் ஓதுவதோடு, பருவத்தில் உழுது பருவத்தில் விதைத்தும் வாழ வேண்டும் என்றார் ரபி இஸ்மவேல். உழவிலேயே காலம் போனால் வேதம் ஓதுவது எப்போது? இறைவன் விருப்பப்படி நடந்தால் நம் வேலையைப் பிறர் செய்வர் என்றார் ரபி சிமியோன் பார் யோகாய். இவ்வழக்கிற்குப் பின்னாளில் அபாயே என்னும் அறிஞர், தர்க்கத்தால் அன்றி அனுபவத்தால் விடை கூறினார். இஸ்மவேலின் வழியில் சென்ற பலர் நிலைபெற்றனர். சிமியோனின் வழியில் சென்ற பலரால் நிலைபெற இயலவில்லை என்பதே அவர் கண்டது.

அந்தச் சிமியோனைப் பற்றியே தல்மூது நூலில் மற்றொரு கதையும் உண்டு. ரோமானியருக்கு அஞ்சி, அவர் தம் மகனோடு 12 ஆண்டுகள் குகையில் மறைந்து வாழ்ந்தார். ஒரு மரமும் ஒரு நீரூற்றும் அவர்களைக் காத்தன. வெளியே வந்தபோது மக்கள் ஏர் உழுவதைக் கண்டார். நிலையான வாழ்வை விட்டு நிலையற்றதை நாடுகின்றனரே என்று வெகுண்டார். அவர் பார்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. உடனே வானிலிருந்து ஒரு குரல் எழுந்து, என் உலகை அழிக்கவா வந்தாய் என வினவி, மீண்டும் குகைக்கே செல்லப் பணித்தது. மேலும் ஓராண்டு கழித்தே அவர் கனிவோடு வெளிவந்தார். உழைப்பவனை இகழும் பக்தியை இறைவனே ஏற்பதில்லை என்பது இக்கதையின் உட்பொருள்.

1138 முதல் 1204 வரை வாழ்ந்த மைமோனிடஸ், யூதர் போற்றும் பேரறிஞர். எகிப்தில் அரண்மனை மருத்துவராகவும் விளங்கியவர். நோய்க்கு மருந்து உண்பது இறைநம்பிக்கைக் குறைவு என்று சிலர் கருதினர். பசித்தவன் உணவு உண்பதும் நம்பிக்கைக் குறைவோ என்று அவர் மடக்கினார். உணவு தந்த இறைவனுக்கு நன்றி கூறுவது போல மருந்து தந்தமைக்கும் நன்றி கூறுக என்பது அவர் துணிபு. வேதம் ஓதுவதையே காரணமாகக் காட்டி, உழைக்காமல் பிறர் தருமத்தில் வாழ முனைவதையும் அவர் வன்மையாகக் கண்டித்தார்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். உழுதவன், அறுத்தவன், மாவரைத்தவன், சுட்டவன் எல்லாரும் மனிதரே. ஆயினும் யூதர் உணவு உண்ணுமுன், மண்ணிலிருந்து உணவை வருவித்தவன் இறைவனே எனப் போற்றுகின்றனர். வாரம் ஒரு நாள் எல்லாத் தொழிலையும் நிறுத்துகின்றனர். வெள்ளி மாலை விளக்கேற்றி, மன்னாவின் இரட்டைப் பங்கை நினைவுகூர்ந்து இரு அப்பங்களை வைக்கின்றனர். முதலாளி மட்டுமின்றி, பணியாளும் கால்நடையும் அன்று ஓய்வு பெற வேண்டும் என்பது கட்டளை. ஆறு நாள் உழைப்பு முயற்சியைக் கற்பிக்கிறது. என் கையே எல்லாம் என்னும் செருக்கை ஏழாம் நாள் அறுக்கிறது.

அன்பர்களே! நம் நெறியும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. ஊழின் வலிமையைப் பாட ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே, ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். வைணவப் பெரியோர், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி, வடகலை தென்கலை என இருவகையாக விளக்கினர். அருளையே பாடிய அப்பர் பெருமான் கையில் ஏந்தியது எதனை? உழவாரப் படையை! கோவில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதும் அவருக்கு வழிபாடே.

கேரளத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்த யூதர் எலியாகு பெசலேல். 1950-களில் கொச்சி யூதர் பெருமளவில் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் சென்றார். நெகேவ் என்னும் வறண்ட பகுதியில் கூரையிட்ட பண்ணைகள் அமைத்து, ரோஜா வளர்த்து ஐரோப்பாவிற்கு அனுப்பினார். இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது வழங்கிச் சிறப்பித்தது. மழை தருவது மனிதன் கையில் இல்லை. சொட்டு நீரை வீணாக்காதிருப்பது மனிதன் கையில் உண்டு. பூந்தோட்டங்கள் நிறைந்த கேமரன் மலையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால் நம் நடைமுறை எவ்வாறு உள்ளது? சாமியாடியிடம் நான்கு இலக்க எண் கேட்டு நிற்பது பக்தியா? மன்னாவைப் பதுக்கிய பேராசைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? காய்ச்சலில் துடிக்கும் குழந்தைக்கு விபூதி இடுங்கள்; கூடவே மருத்துவமனைக்கும் கொண்டு செல்லுங்கள். தேர்வு எழுதும் பிள்ளைக்கு அர்ச்சனை செய்யுங்கள். இரவில் தொலைக்காட்சியை நிறுத்தி, அவன் அருகில் அமரவும் செய்யுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் தலையெழுத்து என்னும் சொல் இனி எந்த வீட்டிலும் ஒலிக்க வேண்டாம்.

மறுபுறம், மனித முயற்சி செருக்காக மாறினால் என்ன விளையும் என்பதையும் நம் ஊரே அறியும். 1960-களில் பெர்த்தாம் ஆற்றை மறித்து ரிங்லெட்டில் அணை எழுந்தது. மலைகள் மேலும் மேலும் வெட்டப்பட, மண் சரிந்து நீர்த்தேக்கத்தில் படிந்தது. 2013 அக்டோபரில் பெருமழை பெய்து அணைநீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. அதனை விதி என்று மட்டும் கூறி முடித்துவிடலாமா? மழை அவன் செயல்; மரத்தை வெட்டியது யார் செயல்?

இறுதியாக ஒன்று. பாடுபட்டும், பிரார்த்தித்தும் பலன் காணாதோர் நம்மிடையே உண்டு. பிள்ளையை இழந்த தாய் இருக்கலாம். நோயில் நலிந்தவர் இருக்கலாம். யூதர் வேதத்தில் யோபு என்னும் நல்லவர் மக்களையும் செல்வத்தையும் இழந்து புழுதியில் அமர்ந்தார். நீ பாவம் செய்திருப்பாய் என்று நண்பர்கள் வாதிட்டனர். முடிவில் இறைவன் சினந்தது கேள்வி கேட்ட யோபுவின் மீதன்று. தீர்ப்புக் கூறிய நண்பர்கள் மீதே. ஆகவே, துன்புற்றவர் முன் நின்று, அது உன் வினை என்றோ, நீ போதிய அளவு முயலவில்லை என்றோ கூறாதீர்கள். ஒரு வேளைச் சோறு கொண்டு செல்லுங்கள். நம் முயற்சி, பிறருக்குத் திருவருளாகச் சென்று சேரும் இடம் அதுவே.

விதியை நம் சோம்பலுக்குச் சாக்காக்காமல், வெற்றியை நம் செருக்குக்கு உணவாக்காமல், கைகள் உழைக்க, நெஞ்சம் அவன் தாளில் நிலைக்க வாழ்வோமாக. எல்லாம் வல்ல அன்னையின் திருவருள் உங்கள் இல்லம்தோறும் பெருகுவதாக!