ஆய்வுகூடத்தின் அடைத்த சாளரம்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் படும் இன்னல்களைப் பேசுங்கால் அட்டைக்கடியும் வழுக்குப்பாறையும் நினைவிற்கு வருகின்றன. அவர்களுடைய நோயை ஆராய்ந்து கூறும் ஆய்வுகூட ஊழியருக்கும் தொழிலால் வரும் ஆபத்து உண்டென்பதைப் பலரும் எண்ணுவதில்லை.

1916ஆம் ஆண்டளவில் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. நுணுக்குக்காட்டியும் தேயிலை மலைக்கு வந்து சேர்ந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2017ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய உதவியால் எழுந்த 150 படுக்கை வைத்தியசாலை டிக்கோயாவில் திறக்கப்பட்டது. இவ்விடைக்காலத்திற் பெரும்பகுதியும் உலகெங்கும் ஆய்வுகூட ஊழியர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வாயாலேயே உறிஞ்சி அளந்தனர். இன்று அவ்வழக்கம் தடுக்கப்பட்டுள்ளது. அளப்பதற்குத் தனிக் கருவிகள் உள்ளன.

எனினும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று காற்றில் இருக்கின்றது. 1882இல் ரொபேட் கொக் கண்டறிந்த காசநோய்க் கிருமி, சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசும்போது எழும் நுண்துளிகளோடு மிதந்து சுவாசப்பையை அடையக் கூடும். காற்று ஊழியரின் முதுகுப்புறமாக வந்து, மேசையைக் கடந்து, சாளரத்தின் வழியே வெளியேறுமாயின் ஆபத்துக் குறையும். ஆனால், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் பனியும் குளிரும் சாளரத்தை அடைக்கத் தூண்டுகின்றன. உடலுக்கு இதந்தரும் அச்செயலே கிருமியையும் அறைக்குள் நிறுத்திவிடுகிறது. குளிருக்குக் கம்பளியாடை அணியலாம். காற்றின் வழியை அடைத்தலாகாது.

இரண்டாவது ஆபத்து ஊசி. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடாது, துளைபடாத பெட்டியில் உடனே இடவேண்டும். தடுப்பூசி பெறாதவரை மஞ்சட்காமாலை பி கிருமி கலந்த ஊசி குத்தினால், நூற்றுக்கு முப்பது பேர் வரை அந்நோய்க்கு ஆளாகலாம். மூன்று முறை ஏற்றும் தடுப்பூசி இதற்குக் காப்பாகும். ஊசி குத்தினால் ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் கழுவி, தாமதமின்றி வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும். எயிட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கினாலே பயனுண்டு. கண்டிப்புக்கு அஞ்சி மறைப்பவர் அந்த நேரத்தை இழக்கிறார்.

நேயர்களுக்கும் இதிற் கடமையுண்டு. சளி கொடுக்கும்போது லயத்து அறைக்குள் அன்றி, பிறர் இல்லாத திறந்த வெளியிற் கொடுங்கள். கிண்ணத்தின் மூடியை இறுகத் திருகுங்கள். பெயர் மூடியில் அல்ல, கிண்ணத்தின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கசியாத கிண்ணம் நோயாளிக்குப் பிழையற்ற முடிவைத் தரும். அதைத் திறக்கும் ஊழியரையும் காக்கும்.