ஊருக்கு நடுவிடம் எது?



வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் தெருமுனைக் கடைக்குச் செல்கிறோம். கேழ்வரகை மாவாக்க வேண்டுமென்றால் அடுத்த ஊரிலுள்ள அரவை ஆலைக்குப் போகிறோம். விதையும் உரமும் வாங்கவோ, வங்கியில் கடன் கேட்கவோ இன்னும் சற்றுத் தொலைவு செல்கிறோம். பெருநோய் வந்துற்றால் மாவட்டத் தலைநகருக்கே விரைகிறோம். இவ்வாறு ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு தொலைவு உண்டு. அத்தொலைவை நாம் இயற்கை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். மழை பெய்வதும் வெயில் காய்வதும் போல, மருத்துவமனை பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதும் ஊழ் என்று கொள்கிறோம். அது ஊழன்று, யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், எங்கோ அமர்ந்து எடுத்த முடிவின் விளைவு. அம்முடிவை எவ்வாறு எடுக்க வேண்டும் என்பதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பகுதியில், பள்ளி, மருத்துவமனை, வங்கி, விற்பனைக்கூடம் முதலியவை ஓரிடத்தில் கூடி, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் பயன்படுமாயின், அவ்விடத்தைச் சேவை மையம் என்பர். இத்தகைய மையங்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் வால்டர் கிறிஸ்டாலர் என்னும் ஜெர்மானியப் புவியியல் அறிஞர். தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து 1933-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் இரண்டு அளவுகள் நமக்கு இன்றியமையாதவை. ஒரு பணி நிலைத்து நடைபெற எத்தனை பேர் வேண்டும் என்பது ஒன்று. அப்பணியை நாடி மக்கள் எவ்வளவு தொலைவு வருவர் என்பது மற்றொன்று. உப்புக் கடை நடக்க ஐம்பது வீடுகள் போதும்; அறுவை மருத்துவமனை நடக்க அது போதாது. ஆகவேதான் சிறு கடைகள் பலவாகவும், பெரிய மருத்துவமனைகள் சிலவாகவும் இருக்கின்றன.

நம் நாட்டின் விதிமுறைகளிலும் இவ்விரு அளவுகளைக் காணலாம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலைப்பகுதியிலோ 3,000 பேருக்கும் 20,000 பேருக்கும் ஒவ்வொன்று என்று அக்கணக்கு குறைகிறது. ஏன்? மலையில் ஒரு கிலோமீட்டர் நடப்பதும் சமவெளியில் ஒரு கிலோமீட்டர் நடப்பதும் ஒன்றல்ல. நிலப்படத்தில் இரண்டும் ஒரே நீளம். நோயாளியின் காலுக்கு அவ்வாறில்லை.

ஏட்டில் படித்த இவ்வுண்மையை நான் நாட்டில் கற்றது 1998-ஆம் ஆண்டில். அப்போது வானம் பார்த்த பூமியான ஒரு வட்டாரத்தில், நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக இருந்தேன். ஊராட்சியின் தலைமையூரில் பள்ளி இருந்தது. சுற்றிலும் ஒன்பது குக்கிராமங்கள். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த வேண்டும் என்னும் பேச்சு எழுந்தது. புதிய கட்டடத்துக்கு இடம் எது என்று கிராம சபையில் கேட்டபோது, நான் எழுந்து, எங்கள் பள்ளியை ஒட்டியே புறம்போக்கு நிலம் இருக்கிறது, அங்கேயே கட்டலாம் என்றேன். எல்லாரும் கைதட்டினர். கைதட்டியவர் யாவரும் தலைமையூர்க்காரர் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

அதன்பின், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு நிலப்படம் வரையக் கற்பிக்கும் பொருட்டு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு குக்கிராமத்து மாணவரும் தம் ஊரில் பத்து வீடுகளுக்குச் சென்று எட்டுக் கேள்விகள் கேட்க வேண்டும். மளிகைக்கு எங்கே போகிறீர்கள்? மாவரைக்க எங்கே? ஆட்டை எங்கே விற்கிறீர்கள்? நிலக்கடலையை யாரிடம் போடுகிறீர்கள்? ஊசி போட எங்கே? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? இப்படியாக எட்டு. விடைகளைக் கொண்டு, ஊரைப் புள்ளியாகவும் போகும் வழியைக் கோடாகவும் ஒரு பெரிய தாளில் வரைந்தோம். நான்கு சனிக்கிழமைகளில் படம் முடிந்தது. அதைக் கரும்பலகையில் மாட்டியபோது மூன்று செய்திகள் என் கண்ணில் பட்டன.

முதலாவது, கோடுகளிற் பல தலைமையூரை நோக்கி வரவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு கூட்டுச்சாலையை நோக்கிச் சென்றன. அங்கே செவ்வாய்தோறும் சந்தை கூடும். இரண்டு தேநீர்க் கடைகள், ஒரு மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை, ஓர் அரவை ஆலை, அவ்வளவே. குடியிருப்போர் ஒருவருமில்லை, ஆகவே எந்தப் பதிவேட்டிலும் அஃது ஊராகக் குறிக்கப்படவில்லை. ஆனால் மக்களின் கால்கள் அதையே நடுவிடமாகத் தேர்ந்திருந்தன.

இரண்டாவது, ஓடைக்கு அக்கரையிலிருந்த குக்கிராமத்து மாணவி ஒருத்தி, தன் ஊரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் கோட்டை முழுக்கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். ஏனம்மா இப்படி என்று கேட்டேன். “சார், ஐப்பசி கார்த்திகையில இந்தக் கோடு இருக்காது” என்றாள். மழைக்காலத்தில் ஓடையில் வெள்ளம் வரும்; அவ்வூர்ப் பிள்ளைகளால் வர இயலாது. அப்பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே ஆண்டுதோறும் வருகையின்மை குறித்துவிட்டு, பொறுப்பில்லாதவர்கள் என்று கடிந்துகொண்டவன் நான். கூட்டுச்சாலையோ ஓடைக்கு அக்கரையில் இருந்தது. தலைமையூரிலிருந்து அங்குச் செல்லும் சாலைக்குப் பாலமும் இருந்தது. அவ்வூர்ப் பெண் பிள்ளைகளுள் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தவர் அதுவரை ஒருவருமில்லை.

மூன்றாவதைச் சொல்ல நாக் கூசுகிறது. தலைமையூரிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருந்த ஒரு குடியிருப்பின் மக்கள், தலைமையூர்க் கடைகளை விட்டுக் கூட்டுச்சாலைக்கே நடந்தனர். காரணம் என்னும் இடத்தில் அவ்வூர் மாணவன், சந்தையில் யாரும் எங்களை ஒதுங்கி நில் என்று சொல்வதில்லை என்று எழுதியிருந்தான். தொலைவு என்பது காலால் மட்டும் அளக்கத்தக்கதன்று என்பதை அச்சிறுவனிடம் கற்றேன். எல்லாரும் அச்சமின்றி, கூச்சமின்றி வந்து நிற்கக்கூடிய இடம் எதுவோ, அதுவே பொது இடம்.

அடுத்து வந்த கிராம சபையில் அப்படத்தைக் கோயில் மண்டபத்தில் விரித்து, நான் முன்பு சொன்னது பிழை என்றேன். இம்முறை எவரும் கைதட்டவில்லை. உண்ட ஊருக்கே குழி பறிக்கும் வாத்தியார் என்று ஒருவர் உரக்கச் சொன்னார். சில திங்கள் வரை பூசல் நீடித்தது. முடிவில், அடிக்கடி வேண்டுவன அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும். உயர்நிலைப் பள்ளி கூட்டுச்சாலைக்கு வரட்டும் என்று தீர்மானமாயிற்று. பள்ளி திறக்க நான்கு ஆண்டுகள் ஆயின. புள்ளிக்கோட்டை வரைந்த பெண் அதற்குள் படிப்பை விட்டுவிட்டாள். அவள் தங்கை அப்பள்ளியில் படித்தாள். ஒரு திட்டம் நான்கு ஆண்டு தாமதமானால் இழப்பு யாருக்கு என்பதை இதனினும் தெளிவாக என்னால் சொல்ல இயலாது.

மாணவர்களே, சேவை மையம் என்பது கல்வியையும் மருத்துவத்தையும் மட்டும் தருவதன்று. உழைப்புக்கு உரிய விலையையும் தரவேண்டும். எங்கள் வட்டாரத்து உழவர் நிலக்கடலையைக் களத்திலேயே வணிகரிடம் போட்டுவிடுவர். உலர்த்த இடமில்லை; வைக்கக் கிடங்கில்லை; எடை சரியா என்று பார்க்க வழியில்லை. இக்குறையைப் போக்குவதற்கென்றே சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. உலர்களமும் கிடங்கும் நேர்மையான எடையும் கிடைத்து, சரக்கை ஈடாக வைத்துக் கடனும் பெற முடிந்தால், உழவர் விலை ஏறும்வரை காத்திருக்கலாம். அதே சரக்கைச் செக்கிலிட்டு எண்ணெயாக விற்றால், கூலியும் பிண்ணாக்கும் ஊரிலேயே தங்கும். வெளியூர்ப் பொருளை வாங்குவதற்கு மட்டும் ஒரு மையம் பயன்படுமானால், அஃது ஊர்ப் பணத்தை வெளியே கொண்டுசெல்லும் வாய்க்காலாகவே முடியும்.

இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. பிற்காலத்தில் நான் பணியாற்றிய மற்றோர் இடத்தில், உள்ளாட்சி அமைப்பொன்று வரிசையாகக் கடைகளைக் கட்டிற்று. கட்டடம் அழகியது. ஆனால் அவ்வழியே பேருந்து இல்லை, சந்தையும் இல்லை. ஆண்டுகள் பலவாயினும் கதவுகள் திறக்கவில்லை. திண்ணையில் ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன. மக்கள் கூடும் இடத்தில் கட்டடம் எழுப்பலாம். கட்டடம் எழுப்பியதனாலேயே மக்கள் கூடிவிடமாட்டார்கள்.

நாங்கள் சிறிய அளவில் செய்த கணக்கை, அறிஞர்கள் பெரிய அளவில் முன்னமே செய்திருந்தனர் என்பதைப் பிறகு அறிந்தேன். இன்று தெலங்கானாவிலுள்ள மிரியாலகுடா அந்நாளில் ஆந்திரப் பிரதேசத்து வட்டமாக இருந்தது. எந்த ஊரில் எந்தப் பணி உண்டு, எங்கே இடைவெளி உள்ளது என்று அவ்வட்டத்தை ஆராய்ந்து, ஐதராபாத்திலுள்ள தேசிய சமுதாய வளர்ச்சி நிறுவனம் 1971-இல் நூலாக வெளியிட்டது.

நம் அண்டை நாடாகிய நேபாளத்தில் இவ்வினா நாடு முழுவதும் ஒரே வேளையில் எழுந்தது. 2015-ஆம் ஆண்டின் அரசமைப்பின்படி, பழைய கிராம வளர்ச்சிக் குழுக்கள் பல ஒன்றிணைக்கப்பட்டு, 2017-இல் உள்ளாட்சிகள் மொத்தம் 753 ஆயின. அவற்றுள் 460 கிராம நகராட்சிகள். உள்ளூர்ச் சந்தை, உள்ளூர்ச் சாலை, அடிப்படை நலவாழ்வு, பள்ளிக் கல்வி ஆகியவை அவற்றின் பொறுப்பில் வந்தன. உடனே, தலைமையகம் எந்த ஊரில் என்னும் பூசல் பல இடங்களில் மூண்டது. மலையும் பள்ளத்தாக்குமான நாட்டில் எல்லாருக்கும் அண்மையான ஓரிடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனி அலுவலகம் உண்டு; பிறப்பு, இறப்புப் பதிவு போன்றவற்றை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அடிக்கடி வேண்டுவதைப் பகிர்ந்து வை. அரிதாக வேண்டுவதை ஒன்றுகூட்டி வை என்னும் பாடம் இதிலும் விளங்குகிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் பணியை ஊராட்சிகளுக்கு அளிக்க வழிவகுத்தது. அதன் பதினோராம் அட்டவணையிலுள்ள 29 பொருள்களுள் பள்ளியும், சாலையும், சந்தையும், சிறுதொழிலும் அடங்கும். பொருளாதார வளர்ச்சி, சமூக நீதி ஆகிய இரண்டு சொற்களும் சேர்ந்தே நிற்பதைக் கவனியுங்கள். சந்தை வளர்ந்து, அதனுள் ஒரு சாராரால் நுழைய முடியாவிட்டால், திட்டத்தில் பாதிதான் நிறைவேறிற்று என்று பொருள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்குரிமை பெற்ற கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊராட்சியின் கிராம சபையில் எழுந்து பேசலாம். பள்ளி மாணவர்களுக்கு அவ்வுரிமை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் படம் வரைய வயது வரம்பில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். உங்கள் ஊராட்சியின் கடைசிக் குக்கிராமத்திலிருந்து தொடங்குங்கள். அங்குள்ள முதியவர் ஓய்வூதியம் வாங்க எவ்வளவு நேரம் நடக்கிறார் என்று கேளுங்கள். எந்தக் கோடு மழையில் மறைகிறது, எந்தக் கோடு அச்சத்தால் வளைகிறது என்று குறியுங்கள். அப்படத்தைப் பெரியவர்கள் முன் விரித்து வையுங்கள்.

ஊருக்கு நடுவிடம் எது என்பதை அளவுகோல் மட்டும் சொல்லாது. அதிகாரம் உடையவர் வீட்டு வாசலும் சொல்லாது. கடைசி வீட்டிலிருந்து புறப்படும் பெண் பிள்ளை, கார்த்திகை மாதத்து மழையிலும் தடையின்றி வந்துசேரும் இடம் எதுவோ, அதுவே ஊரின் நடுவிடம்.