சிரித்தது யார்? பயந்தது யார்?
(‘பேய்ப்படம் பார்க்கும் கூட்டத்தில் மிஞ்சி நிற்பது சிரிப்பே! பயமே!’ – கள்ளக்குறிச்சி பட்டிமன்றத்தில் ‘பயமே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய தங்கை, 2005-இல் வந்த ‘சந்திரமுகி’யில் வடிவேலு வந்தாலே தியேட்டர் சிரித்தது, ஆகவே சிரிப்புதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாங்க. அம்மா, வடிவேலு அங்கே என்ன செய்தார்? பயந்தார்! அவர் பயந்ததால்தானே நாம் சிரித்தோம்? பயம் முதல், சிரிப்பு அதற்கு வட்டி. முதலை மறந்துவிட்டு வட்டியை மட்டும் எண்ணுகிறீர்களே! (கைதட்டல்)

நான் வேறு ஒரு படத்துக்கு வருகிறேன். ‘நெஞ்சம் மறப்பதில்லை’. ஸ்ரீதர் எடுத்த 1963-ஆம் வருஷத்துப் படம் இல்லைங்க. செல்வராகவன் எடுத்தது. சில வருஷம் பெட்டிக்குள் தூங்கி, 2021 மார்ச் 5-ஆம் தேதி வெளிவந்தது. என் மகன் இழுத்துக்கொண்டு போனான். கொரோனா காலம். எல்லார் முகத்திலும் முகக்கவசம். யார் சிரிக்கிறார், யார் பல்லைக் கடிக்கிறார் என்றே தெரியாது. நம்ம தலைப்புக்கு இதைவிட நல்ல பரிசோதனை உண்டா?

பெரிய பணக்காரர் வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மரியம் என்ற பெண் வேலைக்கு வருகிறாள். ரெஜினா கசாண்ட்ரா நடித்திருக்கிறார். வீட்டு முதலாளி எஸ்.ஜே. சூர்யா. அவர் கண் அந்தப் பெண் மேல் விழுகிறது. அப்புறம் கொலை, அப்புறம் பேய். கதை இவ்வளவுதான். ஆனால் அந்த முதலாளி நடுநடுங்க வைக்க வேண்டிய இடத்தில் ஆடுகிறார், பாடுகிறார், கத்துகிறார். இது கனவா நிஜமா, சிரிக்கணுமா ஓடணுமா, ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பின்வரிசையில் ஒருவர், “என்ன எழவுப் படம்டா இது!” என்று எழுந்து போனார். பக்கத்தில் இளவட்டம் விசிலடிக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒப்புக்கொள்கிறேன் நடுவர் அவர்களே! இதை எதிரணி தாராளமாகக் குறித்துக்கொள்ளலாம். (சிரிப்பு)

கொஞ்ச நாள் கழித்து அதே படத்தை மகன் வீட்டிலேயே போட்டான். எங்கள் வீட்டில் சமையலுக்கு ஒரு அம்மா இருந்தாங்க. கல்வராயன் மலை, வெள்ளிமலைப் பக்கம். வயது அறுபது இருக்கும். வாசல்படி ஓரம் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டே பார்த்தாங்க. சூர்யா ஆடுகிற இடத்தில் நான் சிரிக்கிறேன், மகன் சிரிக்கிறான். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா கை நின்றுபோச்சு. முறத்தில் துவரை அப்படியே கிடக்கிறது.

பிற்பாதியில் பேய் வந்தது. அப்போதுதான் அந்த அம்மா மறுபடி உரிக்க ஆரம்பித்தாங்க! “ஏம்மா, பேய் வந்தப்புறம் பயம் போயிடுச்சா?” என்று கிண்டலாகக் கேட்டேன். “பேய் வந்தப்புறம் என்னங்கையா பயம்? அது வர்ற வரைக்கும்தான பயம்” என்றாங்க.

நான் தமிழ் வாத்தியார். முப்பது வருஷமாகத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் நடத்துகிறேன். அச்சம் எதனால் வரும் என்று தொல்காப்பியர் நான்கு சொல்கிறார். தெய்வம், பேய் போன்ற அணங்கு ஒன்று. விலங்கு ஒன்று. கள்வர் ஒன்று. நான்காவது? தம் இறை. தன்னை ஆளுகிறவன்! பேயையும் புலியையும் வைத்த அதே வரிசையில் எஜமானனையும் வைத்தாரே, அந்தப் புலவர் மனசு எப்பேர்ப்பட்டது! வகுப்பில் இந்த நான்காவதை, “அரசன் என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்று அரை நிமிஷத்தில் தாண்டிவிடுவேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடு விடுதலையானது 1947-இல். மேலே இருக்கிற மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்துக்கு வந்தது 1976-இல். அந்த அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் என்ன ஏது என்று கேட்காமல் வேலைக்குப் போகணும் என்று தன் தாய் சொல்லி வளர்த்ததை அன்றைக்குத்தான் சொன்னாங்க. ஆறு வருஷம் எங்கள் வீட்டில் சோறு வடித்தவங்க. அதுவரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எதிரணித் தங்கையே, தியேட்டரில் கேட்டது சிரிப்புச் சத்தம்தான், மறுக்கவில்லை. சிரிப்புக்குச் சத்தம் உண்டு, பயத்துக்குச் சத்தம் கிடையாது. காதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். (கைதட்டல்)

படம் முடிந்து விளக்கைப் போட்டோம். அந்த அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவங்க, நின்று, “அந்தப் புள்ள மொத நாளே ஊருக்குப் போயிருக்கலாமுல்லீங்கையா?” என்று கேட்டாங்க. பேயைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், நடுவர் அவர்களே: மூன்று மணி நேரமாக நான் நாற்காலியில் இருந்தேன். அந்த அம்மா தரையில் இருந்தாங்க.

மணி அடித்துவிட்டீர்கள்.