யந்திரத்துக்குப் பாலிசி உண்டு, மரம் வெட்டுகிறவனுக்கு?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



இன்ஷூரன்ஸ் என்றதும் ஏஜண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து விடுவாரே, அந்த ஞாபகந்தான் நமக்கு வரும். நான் பேச வந்தது ஆயுள் இன்ஷூரன்ஸைப் பற்றியல்ல. காட்டில் மரம் வெட்டுகிற தொழிலிலே எதற்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, யார் கேட்டு அது வந்தது என்பதைப் பற்றி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடலோரத்தில், வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. தலைநகரம் வேறு, இது வேறு. மலையும் தேவதாரு இனத்துப் பெரிய மரங்களும் நிறைந்த பூமி. அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கு வருவோம்.

இன்றைக்கு அங்கே கோடாலி இல்லை. மரத்தைக் கையால் பிடிப்பதுபோலப் பிடித்து அடியில் அறுத்துச் சாய்க்க ஒரு யந்திரம், இழுத்து வர ஒன்று, லாரியில் ஏற்ற ஒன்று. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான டாலர். காண்ட்ராக்டர் கைக்காசு போட்டு இதை வாங்குவதில்லை, பாங்கிக் கடன். கடன் கொடுக்கும்போதே பாங்கி சொல்லிவிடும்: இன்ஷூரன்ஸ் எடு, யந்திரம் எரிந்தால் பணம் முதலில் என் கைக்கு வரவேண்டும் என்று பாலிசியில் எழுது. எழுதாவிட்டால் கடன் இல்லை.

அந்தப் பாலிசிக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? ‘உள்நாட்டு மரைன்.’ மரைன் என்றால் கடல் சம்பந்தப்பட்டது. காட்டுக்கும் கடலுக்கும் என்ன உறவு? கப்பலுக்கும் கப்பல் சரக்குக்கும் எழுதிய பாலிசி, பிறகு கரையில் இடம் விட்டு இடம் போகிற சரக்குக்கும் யந்திரத்துக்கும் வந்தது. பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

யந்திரத்துக்குப் பெரிய எதிரி தீ. சருகும் மரத்தூளும் என்ஜினைச் சுற்றி அடைந்து கிடக்கும். எண்ணெய்க் குழாய் ஒன்று கசியும், அல்லது மின்கம்பி உரசும். அவ்வளவுதான். பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புளோரூமில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தரவு போடுகிறது: தினம் சருகைத் துடை, தீயணைப்புக் குழல் வைத்திரு, வேலை முடிந்ததும் பாட்டரித் தொடர்பைத் துண்டி, போகுமுன் சற்று நேரம் காவல் இரு. யந்திரத்தின் உடம்புக்கு எத்தனை கவனிப்பு பாருங்கள்!

இதிலும் சூது இருக்கிறது. தேய்மானத்துக்குப் பணம் கிடையாது. பல பாலிசிகள் எரிந்த அன்றைய விலையைத்தான் கொடுக்கும், வாங்கிய விலையை அல்ல. பேச்சுக்கு ஒரு கணக்கு: 4 லட்சம் டாலருக்கு வாங்கிய யந்திரம் மூன்று வருஷம் கழித்து எரிகிறது. அன்றைய மதிப்பு 2 லட்சம். பாங்கிக் கடன் பாக்கி 2 லட்சத்து 40 ஆயிரம். பாலிசிப் பணம் முழுவதையும் பாங்கி எடுத்துக்கொள்ளும். மீதி 40 ஆயிரம் சின்னக் காண்ட்ராக்டர் தலையில். வேலை நின்ற நாட்களுக்குத் தனிப் பாலிசி எடுத்திராவிட்டால் அதுவும் நஷ்டம். ஆக, கடன் கொடுத்தவன்தான் முதலில் காப்பாற்றப்படுகிறான்.

சரி, ஆளுக்கு? 1911-க்கு முன் மரம் விழுந்து ஒருவன் கால் போனால் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அங்கே முதலாளியின் வக்கீலிடம் மூன்று பதில் தயாராக இருக்கும். ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்? உன் கூட்டாளி செய்த தப்புக்கு முதலாளி என்ன செய்வார்? நீயும் கவனமாக இல்லையே? இந்த மூன்றில் ஒன்று ஒட்டினால் போதும், கேஸ் தள்ளுபடி.

ஆனால் சில கேஸ்களில் ஜூரிகள் பெருந்தொகை தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள். முதலாளிகளுக்கும் வக்கீல் செலவு பயமாகிவிட்டது. 1911-ல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது: தப்பு யாருடையது என்ற கேள்வியே வேண்டாம், வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு. பதிலுக்குத் தொழிலாளி முதலாளியின் மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தான். சும்மா வந்த தானம் அல்ல, விலை கொடுத்து வாங்கியது. நிதி சர்க்கார் கையில். தனியார் கம்பெனி இதை விற்க முடியாது. பெரிய கம்பெனிகள் தாங்களே பொறுப்பேற்றுக்கொள்ளப் பின்னால் வழி செய்யப்பட்டது. இன்றும் ஏற்பாடு அதுதான்.

இதில் ஒரு நல்ல விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அந்த மாநிலத்தில் பிரீமியம், ஆள் வேலை செய்த மணிக் கணக்கில். கையில் ரம்பம் பிடித்துத் தரையில் நின்று வெட்டுகிறவனுக்கு ஒரு விகிதம். இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து யந்திரம் ஓட்டுகிறவனுக்கு வேறு விகிதம். முதலாவது பல மடங்கு அதிகம். ஏன்? சாவு அங்கேதான். 2022-ல் அமெரிக்காவில் எல்லாத் தொழிலும் சேர்த்து ஒரு லட்சம் முழுநேரத் தொழிலாளருக்கு 3.7 பேர் வேலையில் மாண்டார்கள். மரம் வெட்டுவோரில் மட்டும் அது 100.7. உயிருக்கு விலை ஏறினபோது முதலாளிக்கு இரும்புக் கூண்டு மலிவாகத் தெரிந்தது! ஆனால் செங்குத்தான சரிவில் இன்னமும் மனிதன்தான் இறங்கி இரும்பு வடத்தைக் கட்டையில் மாட்டுகிறான்.

பிரீமியத்தை ஏய்க்கவும் வழி கண்டுபிடித்தார்கள். ரம்பம் பிடிக்கிறவனை யந்திர ஓட்டுநர் என்று கணக்கில் எழுதுவது ஒன்று. ‘இவன் என் தொழிலாளி அல்ல, தனிக் காண்ட்ராக்டர்’ என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது இன்னொன்று. ஒரே கையெழுத்தில் தொழிலாளி மறைந்து போகிறான்.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இங்கே வருவோம். ஆலைத் தோழருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. தோப்பில் மரம் வெட்டப் போகிற விவசாயத் தொழிலாளிக்கு அது இல்லை. கட்டையை ஏற்றிப் போகும் லாரி இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏறக்கூடாது. வெட்டினவன் பெயரோ மேஸ்திரியின் நோட்டில்கூட இருக்காது.

ஆனால் சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். 1923-ஆம் வருஷத்து நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரே வரியில் பனைமரத்தில் கள் இறக்கும் வேலையும், மரம் வெட்டும் வேலையும், கட்டையை ஆற்று வழியே கொண்டுபோகும் வேலையும், காட்டுத்தீ அணைக்கும் வேலையும் சேர்ந்து இருந்தன. ‘இவன் தற்காலிக ஆள்’ என்று நழுவுகிற ஓட்டையை 2000-ல் ஒரு திருத்தம் அடைத்தது. 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது, பழைய சட்டம் அதற்குள் போயிற்று. நஷ்ட ஈட்டுக்குத் தனி அத்தியாயம் அதிலும் இருக்கிறது.

கூலிக் கணக்கு ஏன் முக்கியம் என்பதைப் பழைய சட்டத்தின் கணக்கிலேயே காட்டுகிறேன். சாவு நேர்ந்தால், மாசக் கூலியில் பாதியை வயசுக்கு உரிய எண்ணால் பெருக்கவேண்டும். 40 வயசுக்கு அந்த எண் 184.17. கூலி 15,000 என்று நிரூபித்தால் சுமார் 13 லட்சத்து 81 ஆயிரம். மேஸ்திரி 7,500 என்று எழுதிக் கொடுத்து, நாமும் வாய் மூடியிருந்தால் 6 லட்சத்து 90 ஆயிரம். மற்ற பாதி எங்கே போயிற்று? அந்த நோட்டிலேயே போயிற்று.

அங்கே யந்திரத்துக்காகக் கேட்க பாங்கி இருந்தது. இங்கே ஆளுக்காகக் கேட்கச் சங்கம் இருக்கவேண்டும். நாளைக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் பெயர், தேதி, இடம், பேசிய கூலி, காண்ட்ராக்டர் பெயர் இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, கூட வேலை செய்கிற இரண்டு பேர் கையெழுத்து வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள். அடிபட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ‘வேலையில் அடிபட்டது’ என்று சொல்லிப் பதியுங்கள்; ‘கீழே விழுந்துவிட்டான்’ என்று மேஸ்திரி சொல்லிக் கொடுப்பதைச் சொல்லாதீர்கள். முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். மனுப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் சாட்சிகள் இரண்டு வருஷம் அதே ஊரில் இருப்பதில்லை.

நோட்டுகள் கொஞ்சம் வாங்கி வந்திருக்கிறேன். தோப்பு வேலைக்குப் போகிற தோழர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள். முதல் பக்கத்தை இப்போதே எழுதிவிடலாம்.