விட்டுப் பிடிக்கும் கலை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தூண்டில் என்றதும் தமிழ் படித்தோர் பலருக்குத் திருக்குறள்தான் நினைவுக்கு வரும். சூது என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலே, சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை, தூண்டில் இரும்பை இரையென்று எண்ணி மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். மீன் விழுங்கியதோடு அங்கே கதை முடிந்துவிடுகிறது. ஆனால் வாவிக் கரையில் தூண்டில் போட்டுப் பழகிய ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். விழுங்கிய பிறகுதான் கதையே தொடங்குகிறது என்பார். அந்தப் பிற்கதையையும் நம் புலவர்கள் பாடாமல் விடவில்லை.

அகநானூற்றின் 36ஆம் பாடல் மதுரை நக்கீரர் பாடியது. பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவனை நோக்கிச் சொல்லும் மருதப் பாட்டு. தலைவனுடைய ஊரைச் சொல்லும்போது பாட்டு ஒரு குளத்தைக் காட்டுகிறது. அந்தக் குளத்திலே பெரிய ஆண் விரால் ஒன்று தூண்டில் இரையைக் கௌவுகிறது. கௌவியதும் பாய்ந்து எழுகிறது. ஆம்பல் இலை கிழிகிறது, குவளைப் பூ சிதைகிறது, வள்ளைக் கொடி குழம்புகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான், மீன் வருவதாயில்லை. கயிறு கட்டிய காளை சினந்து நிற்பதுபோல மதம் கொண்டு விடியற்காலைக் குளத்தைக் கலக்குகிறது. நன்னீரிலே பெரிய மீனோடு மனிதன் நடத்தும் போராட்டத்தை இத்தனை நுட்பமாகக் கண்டவர் நக்கீரர்.

இன்னொருவர் இருக்கிறார். அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. குறுந்தொகையின் 54ஆம் பாடலில் அவர் சொன்ன உவமையே அவருக்குப் பெயராயிற்று. மீனெறி தூண்டிலார் என்று அவரை அழைக்கிறோம். காட்டு யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிட, அது மீனைப் பற்றிய தூண்டிற்கோல்போல விருட்டென்று மேலே எழுகிறதாம். கோல் வளையும், வளைந்தது நிமிரும் என்பதைக் கண்ட கண் அது.

இந்த இரண்டு பாட்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பழைய தூண்டிலில் இளகிக் கொடுக்கக்கூடிய உறுப்பு மூங்கிற் கோல் ஒன்றுதான். கயிறு இளகாது. கோலின் வளைவு முடிந்துவிட்டால் பிறகு மனிதனின் கைக்கும் மீனின் வாய்க்கும் நேரடி இழுபறிதான். நக்கீரர் காளையையும் கயிற்றையும் உவமையாக்கியதன் பொருத்தம் இப்போது விளங்குகிறதல்லவா?

நேயர்களே, இந்தப் பாட்டுகளை நான் மறுபடி எடுத்துப் படிக்கக் காரணமாயிருந்தவர் என்னிடம் படித்த காத்தான்குடி இளைஞர் ஒருவர். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக, எழுவான்கரையின் ஒடுங்கிய நிலத் துண்டில் அமைந்த ஊர் அது. அவர் பகலில் கடை பார்ப்பார். பொழுது சாய்ந்தால் வாவிக் கரையில் தூண்டிலும் கையுமாக நிற்பார். ஒருநாள், "சேர், படுவான்கரைக் குளங்களுக்கு விராலுக்குப் போகப் போறம். அங்கால மகாவலிப் பக்கமும் போற எண்ணம். இந்த ரீலைக் கொஞ்சம் பலப்படுத்த வேணும். எதை மாத்தினா நல்லம்?" என்று கேட்டார். "தம்பி, நான் இலக்கண வாத்தியார். முதலில் கழற்றிக் காட்டும்" என்றேன். கடை மேசையில் பழைய பத்திரிகையொன்றை விரித்து, ரீலைக் கழற்றி உறுப்பு உறுப்பாக வைத்தார். ஒரு செய்யுளைப் பதம் பிரிப்பது போலத்தான் இருந்தது.

இந்த ரீலுக்குத் தறியோடு உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? பழைய வகை ரீல்களில் நூல் போக வேண்டுமானால் உருளையே சுழல வேண்டும். பாரமற்ற இரையை எறிந்தால் உருளை அசையாது. பாரமானதை எறிந்தால் உருளை மிஞ்சிச் சுழன்று நூல் சிக்காகிவிடும். இங்கிலாந்தின் நெசவாலைப் பிரதேசமான பிராட்போர்டைச் சேர்ந்த ஆல்பிரட் இலிங்வேர்த் என்பவர் ஆலையிலே வேறொன்றைக் கண்டார். நூல் சுற்றிய கட்டை அசையாமல் நிற்க, நூல் மட்டும் அதன் நுனி வழியாக வழுக்கி வெளியேறிற்று. அதையே தூண்டிலுக்குக் கொண்டுவந்து 1905இல் காப்புரிமை பெற்றார். மருதமுனையிலே கைத்தறி நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடாவினுள்ளே கட்டை சுழலாது. நூல்தான் நழுவிப் போகும். கையடக்கமான பொய் இரையையும் நெடுந்தூரம் எறியலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

சரி, பெரிய மீனுக்குப் போகுமுன் எதைத் திருத்துவது? கடைகளிலே கண்ணைப் பறிப்பவை பல. பத்துப் பன்னிரண்டு குண்டுப் போல்கள் உண்டு என்று பெட்டியிலே எழுதியிருக்கும். மினுங்கும் கைபிடி இருக்கும். போல்களின் எண்ணிக்கை கூடினால் சுற்றுவதற்குச் சுகம். பெரிய மீன் ஓடும்போது அவற்றால் ஆவது குறைவு. அப்போது காப்பாற்றுவது உருளைக்குள்ளே மறைந்திருக்கும் சில வட்டத் தகடுகள். தூண்டில்காரர் இதனை டிராக் என்பார்கள். சைக்கிள் பிறேக்கைப் போல உராய்வினால் வேலை செய்வது. மீன் ஓரளவுக்கு மேல் இழுத்தால் உருளை வழுக்கி நூலை விட்டுக்கொடுக்கும். இழுப்புக் குறைந்ததும் நின்றுவிடும். கோலின் வளைவு முடிந்த இடத்திலே, நக்கீரரின் தூண்டில்காரனுக்கு இல்லாதிருந்த அந்த இளக்கம் இதுதான்.

இளைஞருடைய ரீலில் இருந்தவை கம்பளித் தகடுகள். ஈரமும் பழைய கிறீசும் சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இப்படி ஒட்டிய தகடு முதலிலே அசைய மறுக்கும். பிறகு திடீரென வழுக்கும். அந்த முதல் மறுப்பிலேதான் நூல் அறுகிறது. கார்பன் நார்த் தகடுகள் வெப்பத்தைத் தாங்கும், தொடக்கத்திலேயே சீராக இளகும். செலவு சிறிது, பயன் பெரிது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது அதுவே.

தகடு நன்றாக இருந்தாலும் அளவு தெரிந்து முறுக்க வேண்டும். நூல் தாங்கும் பாரத்தின் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே டிராக்கை இறுக்குவது வழக்கம். பத்துக் கிலோ தாங்கும் தங்கூசியென்றால் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. விரலால் இழுத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கை நம்பாமல் விற்தராசைக் கொளுவி இழுத்துப் பார்க்கலாம். மிச்சத்தை ஏன் சும்மா விட வேண்டும் என்று கேட்பீர்கள். மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓட ஓட, உருளையில் இருக்கும் நூற் சுற்றின் விட்டம் சிறுத்துக்கொண்டே வரும். விட்டம் பாதியானால், அதே இறுக்கத்துக்கு இழுப்பு இரண்டு மடங்கு வேண்டும். மூன்று கிலோவில் வைத்தது ஆறு கிலோவாகிவிடும். தண்ணீரின் தடையும் கோலின் வளையங்களின் உராய்வும் அதற்கு மேல். நாம் கையால் தொடாமலே பிடி இறுகிக்கொண்டு போகிறது. பெரிய மீனுக்குப் பெரிய உருளையைத் தேடுவதும், விளிம்பளவுக்கு நூலை நிரப்பிக்கொள்வதும் இதனால்தான்.

நூலையும் சற்றுக் கவனிக்க வேண்டும். தங்கூசி இழுபடும், அதனால் அதிர்ச்சியைத் தானே ஓரளவு வாங்கிக்கொள்ளும். இப்போது பலர் பாவிக்கும் பின்னல் நூல் மெல்லியது, மிகவும் வலியது, ஆனால் இழுபடாது. மீன் கொடுக்கும் அடி முழுவதும் நேரே ரீலுக்கு வரும். பின்னல் நூலுக்கு மாறுகிறவர் டிராக்கைத் திருத்தாமல் மாறக்கூடாது. வழுவழுப்பான உருளையில் அந்த நூல் வழுக்கிச் சுழலாதிருக்க, அடியிலே சில சுற்றுத் தங்கூசியும் வேண்டும். நூல் ஏறி வரும் சிறு உருளி தடையின்றிச் சுழல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இறுகிவிட்டால் நூல் தேயும்.

பதற்றத்திலே பலரும் செய்யும் செயல் ஒன்று உண்டு. மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போதும் கைபிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். உருளை வழுக்குவதால் நூல் ஒரு சாணும் உள்ளே வராது. கைபிடி ஒருமுறை சுற்ற நூல் ஐந்து முறை சுற்றும் ரீலாயின், ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு நூலில் ஏறும். வீம்புக்குச் சுற்றியவருக்குக் கடைசியில் மிஞ்சுவது முறுக்கேறிய நூல்தான். மீன் ஓடும்போது கை சும்மா இருக்க வேண்டும். அது களைத்து நிற்கும்போது கோலை உயர்த்தி, பிறகு தாழ்த்திக்கொண்டே சுற்ற வேண்டும். தூண்டிற் கலையில் மிகக் கடினமான பாடம் அந்தச் சும்மா இருத்தல்தான் என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பியதும் டிராக்கைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைத்தால் தகடுகள் நசிந்துபோகும். நமது வாவி நீர் உவர்நீர் என்பதால் நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவித் துடைப்பதும் அவசியம்.

இத்தனையும் எதற்காக? அகப்பட்ட மீனைத் தவறவிடாதிருக்கத்தான் என்று சொல்லலாம். நூல் அறுந்தால் மனிதனுக்கு நட்டம் ஒரு தூண்டில் முள்ளும் ஒரு பெருமூச்சும். மீனோ அந்த முள்ளை வாயிலே சுமந்துகொண்டு, அறுந்த நூலை இழுத்துக்கொண்டு அலையும். பலவீனமான கருவியோடு பெரிய மீனைத் தேடிப் போவது வீரமாகாது.

பெரிய மீன் என்பது யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நமது வாவியின் பெருமைக்குரிய கொடுவா இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம். ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய்மார். விராலோ குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். சிறு குஞ்சுகள் திரளாக நீர்மேல் வந்து மூச்செடுக்க, கீழே பெற்றோர் காவல் நிற்கும். அந்தத் திரளின் நடுவே பொய்த் தவளையை எறிந்தால் தாய் தகப்பன் பாய்ந்து கௌவும். பசியால் அல்ல, பிள்ளைப் பாசத்தால். அந்த நேரத்தில் அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அங்கே எறியாமல் கடந்து போவதுதான் தூண்டில்காரருக்கு அழகு.

காவிரியின் கதையையும் நாம் அறிந்திருப்பது நல்லது. நன்னீரின் பெருமீன் என்று உலகத் தூண்டில்காரர் தேடி வந்த திமில் மாசீர் அங்கேதான் வாழ்கிறது. காவிரியின் கிளையான கபினியில் 1946ஆம் ஆண்டு மைசூரின் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த மாசீர் 120 இறாத்தல் நிறை, ஏறக்குறைய 54 கிலோ. இன்று அந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. உலகமறிந்த அந்த மீனுக்குரிய விஞ்ஞானப் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியாயிற்று. மீனியல் அறிஞர் ரெமா தேவியின் பெயரைத் தாங்கிய தோர் ரெமாதேவி என்பது அது. அதே ஆண்டில் மிகவும் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. இந்த வீழ்ச்சியை வெளிப்படுத்திய சான்றுகளுள் முக்கியமானவை தூண்டில்காரரின் குறிப்பேடுகள். 1998 முதல் 2012 வரை கலிபோர் முகாமிலே, பிடித்த மீனை மீண்டும் ஆற்றில் விட்டவர்கள் எழுதி வைத்த கணக்கு. 6161 மாசீர்கள். எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியே வந்தது. ஆனால் கூடியவை, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலச் செட்டை மாசீர்கள். ஆற்றின் சொந்தப் பிள்ளையான திமில் மாசீர் அருகிக்கொண்டே போயிருந்தது. எழுதி வைத்திராவிட்டால் யாருக்கும் தெரியாமலே அது போயிருக்கும்.

எனவே, படுவான்கரைக்கோ மகாவலிக்கோ புறப்படும் இளைஞர்களுக்கு ஓர் இலக்கண வாத்தியார் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தகட்டை மாற்றுங்கள், தராசு வைத்து டிராக்கை அளந்துகொள்ளுங்கள். மீன்பிடிக்க அனுமதியுள்ள இடம் எதுவெனக் கேட்டறிந்து போங்கள். முள்ளின் எதிர்முனையை நசித்துவிட்டால் மீனை விடுவிப்பது எளிது. பையிலே ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும்.

தூண்டில் என்ற சொல் தூண்டு என்பதன் வழி வந்தது. தூண்டிவிடுவது எளிது. தூண்டிய பின் எழும் வேகத்தை எப்படித் தாங்குவது என்பதில்தான் மனிதனின் பக்குவம் இருக்கிறது. அதற்கு நம் பெரியவர்கள் ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள்: விட்டுப் பிடி. அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் கோபித்துக்கொண்ட உறவுக்கும் சொல்லும் தொடர் அது. அங்கே விடுவது தோல்வியன்று. பிடியின் ஒரு பகுதி. ஆம்பலைக் கிழித்துக் குவளையைச் சிதைத்துக் குளத்தைக் கலக்கிய அந்த விராலுக்கும், கயிற்றை இறுகப் பற்றி நின்ற அந்த மனிதனுக்கும் இடையே இல்லாமற் போனது அந்த ஒரு முழ இளக்கம்தான்.